காலை ஊன்றாதீர்கள்

பாதத்தில் சர்க்கரைப் புண் வந்தவரிடம் மருத்துவர் சொல்லும் வாக்கியங்களில் மிகச் சிறியது, 'அந்தக் காலை ஊன்றாதீர்கள்' என்பது. மாத்திரையும் இன்சுலின் அளவும் கட்டு மாற்ற வரவேண்டிய நாளும் சீட்டில் எழுதப்படும். இது மட்டும் வாய்வார்த்தையாகப் போய்விடும். ஆனால் புண் ஆறுவதும் ஆறாததும் பெரும்பாலும் இந்த வாக்கியத்தைப் பொறுத்தே இருக்கிறது. மூன்று மாதம் கழித்தும் புண் அப்படியே இருந்தால், 'சொன்னபடி கேட்கவில்லை' என்று நோயாளியின் குறிப்பேட்டில் ஏறும். அந்தக் குறிப்பு பல நேரங்களில் தவறான நோய்க்கணிப்பு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கீழ்ப்படியாமை என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி மனத்துயரம். அந்தத் துயரத்தில் ஒரு பகுதியைச் சிகிச்சையே உண்டாக்குகிறது. அதனால் புண்ணின் நீள அகலத்தை அளக்கும் அதே மேசையில் அதையும் அளக்க வேண்டியிருக்கிறது.

கட்டளை ஏன் சரியானது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பல ஆண்டுகள் உயர்ந்தே இருக்கும் சர்க்கரை, உடலின் மிக நீளமான நரம்புகளின் நுனிகளை முதலில் கெடுக்கிறது; ஆகவே உணர்வு குறைவது பாதத்தில் தொடங்குகிறது. சின்னச் சின்னத் தசைகள் மெலிந்து விரல்கள் வளைகின்றன, உடலின் எடை முன்பாதத்து எலும்பு முனைகளில் குவிகிறது, அங்கே தோல் காய்த்து, காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கி, ஒரு நாள் உடைகிறது. காலில் காயம்பட்ட யாரும் தாமாகவே நொண்டி நடந்து அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்வார்கள். வலி அவர்களை அப்படி நடக்கவைக்கிறது. வலி போனவர் புண்ணின் மேலேயே நேராக நடக்கிறார். இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் தொழுநோய் மருத்துவர்கள். 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் பாதப் புண்களை மாவுக்கட்டுக்குள் மூடி ஆறவைத்தார். 1946-இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகள் விரல்களை இழப்பதற்கு, வலியற்ற உறுப்பு ஓயாமல் அடிபடுவதே பெரிய காரணம் என்று காட்டினார். மாவுக்கட்டு முறையைப் பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கும் கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளுக்கு வந்தது. பாதத்தின் அடியில் உள்ள நரம்புப் புண்ணுக்கு நோயாளி தானே கழற்ற முடியாத ஒரு சாதனம்தான் இன்றும் உலக வழிகாட்டிகள் முதலில் சொல்லும் சிகிச்சை. பிராண்ட் கவனித்த இன்னொன்று நம் வாதத்துக்கு நெருக்கமானது: உணர்வு போன காலை நோயாளி தன் உடம்பின் பகுதியாகக் கருதுவதையே மெல்ல நிறுத்திவிடுகிறார். காலில் வந்த நோய், தன்னைப் பற்றிய எண்ணத்தையும் தொட்டுவிடுகிறது.

இப்போது அந்தக் கட்டளையை உத்தரகோசமங்கைக்குக் கொண்டுவருவோம். ராமநாதபுரத்தை அடுத்த இந்த வானம்பார்த்த பூமியில் நடக்காமல் செய்யக்கூடிய பிழைப்பு குறைவு. மானாவாரி நெல், குண்டு மிளகாய், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது, பனையேறுவது; தெற்கே வாலிநோக்கம் பக்கம் உப்பளம்; கிழக்கே போனால் மீன்பிடி; மண்டபம், பாம்பன் கரையில் பெண்கள் கடலுக்குள் இறங்கி எடுக்கும் பாசி. இவை எல்லாம் காலை நம்பிய வேலைகள், பெரும்பாலும் அன்றாடக் கூலி. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பின் அடியைத் துளைத்து ஏறக்கூடியது. உணர்வற்ற பாதத்துக்குள் அது போனது தெரியாது, பொழுதுசாய்ந்து காலைக் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். கோயில் இன்னொரு களம். மங்களநாதர் கோயிலின் மரகத நடராசர் ஆண்டு முழுக்கச் சந்தனக்காப்பில் இருப்பவர். மார்கழி ஆருத்ரா தரிசனத்தை ஒட்டித்தான் காப்புக் களையப்படும். அந்த ஒரு தரிசனத்துக்கு மணிக்கணக்கில் வெறுங்காலோடு வரிசையில் நிற்க வேண்டும். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடுகிறவர் ஈரக்காலோடு கல்தளத்தில் சுற்றிவர வேண்டும். வெறுங்காலில் நடப்பவர்களுக்குப் பாதக் கோளாறுகள் அதிகம் என்பது 2007-இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றிலும் பதிவாகியிருக்கிறது. அதனால் மருத்துவர் எச்சரிப்பதில் தவறில்லை. ஆனால் 'வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள்' என்ற அறிவுரை, அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு என்னவாகக் கேட்கும் என்று எந்த வழிகாட்டியும் எழுதிவைக்கவில்லை. வேலை, வழிபாடு, சாவு வீட்டுக்குப் போய்த் தலைகாட்டுவது, கல்யாணப் பந்தியில் நின்று பரிமாறுவது என்று ஒரு மனிதரை ஊர்க்காரராக வைத்திருக்கும் எல்லாமே கால் வழியாகத்தான் நடக்கின்றன. போதாக்குறைக்கு, கட்டு மாற்றுவதற்காக ராமநாதபுரம் போகிறவர் பேருந்து நிறுத்தம் வரை அந்தக் காலோடுதான் நடக்க வேண்டும். ஊன்றக்கூடாது என்பதைத் திரும்பக் கேட்பதற்காகவே ஊன்றி நடந்து போகும் ஏற்பாடு இது.

எத்தனை பேருக்கு இது பொருந்தும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த தேசிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்றும் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14 சதவீதத்துக்குச் சற்று மேல் என்றும் கண்டது. சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப் புண்ணைச் சந்திப்பார்கள் என்பது உலக அளவிலான மதிப்பீடு. புண் ஆறினாலும் கதை முடிவதில்லை: ஆறியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் மறுபடி வருகிறது, ஐந்தாண்டில் 65 சதவீதத்தினருக்கு. 'ஆறிப்போச்சு' என்று சொல்வதைவிட 'இப்போதைக்கு மூடியிருக்கு' என்பதே பொருந்தும். இப்படிப்பட்ட நோயோடு வாழ்கிறவரின் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை லண்டனில் கலீதா இஸ்மாயில் குழுவினர் முறையாகப் பார்த்தார்கள். முதல்முறை பாதப் புண் வந்த 253 பேரை நேர்காணல் செய்ததில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களைப் பதினெட்டு மாதம் பின்தொடர்ந்தபோது, மனச்சோர்வு உள்ளவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2007-இல் வெளியிட்டார்கள். அதே குழுவை ஐந்தாண்டு வரை பார்த்தபோதும் அபாயம் சுமார் இரண்டு மடங்காகவே நின்றது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும், இரண்டும் நியாயமானவை. முதலாவது: அசதி, தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் சர்க்கரை நோயிலும் வரும், மனச்சோர்வுக் கேள்வித்தாளிலும் வரும், அப்படியானால் நாம் அளப்பது மனத்தையா, ரத்தச் சர்க்கரையையா? கேள்வித்தாளை மட்டும் நம்பும் ஆய்வுகளுக்கு இது பொருந்தும். லண்டன் ஆய்வு முறையான மனநல நேர்காணல் வழியே கணித்தது என்பதால் அங்கே இதன் வலு குறைகிறது. இரண்டாவது மறுப்பு கூர்மையானது: நோய் முற்றியவர்களுக்கே மனச்சோர்வும் வரும், அவர்களே சீக்கிரம் இறப்பார்கள், மனச்சோர்வு வெறும் அடையாளம், காரணமல்ல. இதற்கு முழுப் பதில் இல்லை. கவனிப்பு ஆய்வால் காரணத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் கால வரிசையைப் பார்க்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், இதுவரை புண்ணே வராத ஆயிரக்கணக்கான சர்க்கரை நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் பாதப் புண் வரும் அபாயம் இரு மடங்கு என்று 2010-இல் கண்டது. அதே ஆண்டு வெளியான, கோன்சாலஸ் என்ற ஆய்வாளரின் ஆய்வு இன்னும் சுவையானது: நரம்புப் பாதிப்பு உள்ளவர்களிடம் மனச்சோர்வு முதல் புண்ணை முன்னறிவித்தது, மறுபடி வரும் புண்ணை முன்னறிவிக்கவில்லை. ஒருமுறை உடைந்த பாதத்தில் எலும்பின் வடிவமும் தழும்பும் மேலோங்கிவிடுகின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லத் துடிப்பவர்கள் இந்த முடிவைத் தாண்டிப் போகக்கூடாது. மனத்துக்கும் பாதத்துக்கும் இடையிலான பாதை இருவழிப் பாதை. எந்தக் கட்டத்தில் எந்தப் பக்கம் போக்குவரத்து அதிகம் என்பதே கேள்வி.

அந்தப் பாதையின் ஒரு பக்கம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. ஒஹாயோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் 1995-இல் செய்த சோதனை எளிமையானது: மறதிநோய் கண்ட உறவினரைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அந்தச் சுமை இல்லாத பெண்கள் 13 பேர், ஒவ்வொருவர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிச் சிறு காயம். சுமை தாங்கியவர்களின் காயம் ஆற ஒன்பது நாள் கூடுதலாயிற்று. ஆரோக்கியமான தோலுக்கே இந்தக் கதி. நெடுநாள் மன அழுத்தம் கார்டிசால் என்ற ஹார்மோனை உயர்த்துகிறது, அது சர்க்கரையையும் ஏற்றி, காயத்துக்கு வந்து சேரவேண்டிய நோயெதிர்ப்பு அணுக்களின் சமிக்ஞையையும் மந்தமாக்குகிறது. சர்க்கரைப் புண்ணிலேயே இதைப் பார்த்தவர் இங்கிலாந்தின் கவிதா வெதாரா. 93 பேரை 24 வாரம் கவனித்த அவருடைய ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களின் புண் மெதுவாகச் சுருங்கியது. அதோடு, 'விடமாட்டேன், மோதிப் பார்த்துவிடுகிறேன்' என்ற மனப்போக்கு உடையவர்களுக்குப் புண் ஆறும் வாய்ப்பு குறைவாக இருந்தது. நமது பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்கள் ஓயாமல் விற்கும் 'நோயை எதிர்த்துப் போராடுங்கள்' என்ற சரக்குக்கு இது நல்ல அடி. ஆறு வாரம் சும்மா உட்காருவதே சிகிச்சையாக இருக்கும் நோயில், போராட்டக் குணம் எழுந்து நடக்கத்தான் தூண்டும்.

மறுபக்கம் நடத்தை வழியாகப் போகிறது. 'சொன்னபடி கேட்கவில்லை' என்ற குறிப்புக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. டேவிட் ஆம்ஸ்ட்ராங் 2003-இல், புண் உள்ளவர்களின் இடுப்பிலும் அவர்களுடைய கழற்றக்கூடிய காப்புக் காலணியிலும் தனித்தனி நடைமானி பொருத்தினார். இரண்டையும் ஒப்பிட்டபோது, அவர்கள் நடந்த அடிகளில் 28 சதவீதம்தான் காலணியோடு நடந்தவை. அலட்சியம் என்று முடிவுகட்ட வசதியான எண் இது. பின்னர் மான்செஸ்டரில் பாதப் புண்ணின் உளவியலை ஆராய்ந்து வந்த லொரெட்டா விலெய்கிட்டேயும் ரயன் க்ரூஸும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: யார் குறைவாக அணிகிறார்கள்? 2016-இல் வந்த பதில், நிற்கும்போது அதிகம் தடுமாறுகிறவர்கள் என்பது. உணர்வற்ற பாதத்துக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதில் தடித்த, உயரமான காலணியை மாட்டினால் விழுந்துவிடுவோம் என்ற பயம் வருகிறது. அந்தப் பயம் அறிவுள்ள பயம். விலெய்கிட்டே முன்னரே கண்டிருந்த இன்னொன்று இதோடு சேர்கிறது: நரம்புப் பாதிப்பு உள்ளவர்களை மனச்சோர்வுக்குத் தள்ளும் அறிகுறிகளில் வலியைவிடத் தடுமாற்றத்தின் பங்கே பெரிது. தன் காலைத் தானே நம்ப முடியாதவர், நாலு பேர் முன்னால் விழுந்துவிடுவோமோ என்று வெளியே போவதைக் குறைக்கிறார். வீட்டுக்குள்ளும் காலணியைக் கழற்றிவைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து நடக்கிறார். நம் வீடுகளில் காலணியோடு உள்ளே வருவதில்லை என்பதால் கழற்றக்கூடிய எந்தக் காப்பும் நிலைப்படியிலேயே நின்றுவிடும். இது அந்த ஆய்வுகளில் இல்லாத, நமக்கே உரிய சிக்கல். அப்படியானால் கழற்ற முடியாத மாவுக்கட்டே போட்டுவிடலாமே என்றால், கோடையில் அதற்குள் வேர்த்து ஊறும், உட்கார்ந்து எழும் கழிப்பறையில் அதோடு சமாளிக்க முடியாது, ஆறு வாரம் கூலி போகும்.

இதற்கு மேல் ஒரு பயம் இருக்கிறது. பாதப் புண் உள்ளவர்கள் மரணத்தைவிடக் காலை இழப்பதற்கே அதிகம் அஞ்சுகிறார்கள் என்று 2018-இல் அமெரிக்காவில் டேன் வூகிச் குழு கண்டது. 'காலை எடுத்துருவாங்க' என்ற இரண்டு வார்த்தைப் பேச்சு எந்த ஊரிலும் புண்ணுக்கு முன்னால் போய் நிற்கும். அந்தப் பயத்தைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் பழக்கம் மருத்துவமனைகளில் உண்டு: 'இப்படியே இருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான்' என்று அதட்டினால் வழிக்கு வருவார் என்ற நம்பிக்கை. பயம் சிலரை வழிக்குக் கொண்டுவரும். பலரை மருத்துவமனைப் பக்கமே வரவிடாமல் செய்யும். எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்த இடத்துக்குக் கருத்த விரலோடு யார் சீக்கிரம் வருவார்கள்? பச்சிலை, மஞ்சள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நாள் போகும். வந்து சேரும்போது எடுப்பதைத் தவிர வழியிருக்காது. ஊரில் பயம் உறுதிப்படும். நாற்றம் தனிக் கதை. கட்டுப்போட்ட காலிலிருந்து வாடை வருகிறது என்பது தெரிந்ததும், சொந்தப் பேரப்பிள்ளையைத் தூக்கக் கூசுகிற நிலை வந்துவிடும். பெருநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே வைத்த நினைவு இன்னும் மங்கிவிடாத சமூகத்தில், ஆறாத பாதப் புண் வெறும் புண்ணாகப் பார்க்கப்படுவதில்லை.

புண்ணை ஆற்றினால் மனம் தானே சரியாகிவிடும், அதை முதலில் பாருங்கள் என்பது அறுவை மருத்துவர்களின் வழக்கமான பதில். பாதி சரி. ஆனால் நரம்புப் புண்ணை ஆற்றும் பெரிய வழி நோயாளியின் ஒத்துழைப்பு என்றால், ஒத்துழைக்கும் திறனைக் கெடுப்பதைக் கடைசியில் பார்ப்பது எப்படி முறையாகும்? மனநலச் சிகிச்சையால் புண் ஆறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்ற எதிர்க்கேள்வி கடினமானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021-இல் வெளியிட்ட தொகுப்பில் ஏழு சோதனைகள்தான் கிடைத்திருந்தன, எல்லாவற்றிலும் சேர்த்து 300 பேர்கூட இல்லை; முடிவு எதுவும் சொல்ல முடியவில்லை. சர்க்கரை நோயின் கவலைகளை அளக்கும் கேள்வித்தாளை வில்லியம் பொலோன்ஸ்கி 1995-இலேயே வெளியிட்டிருந்தும் இதுதான் நிலை. ஆகவே ஆலோசனை சொன்னால் புண் மூடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது. சொல்லக்கூடியது இவ்வளவே: துயரம் இருக்கிறது, அது தன்னளவிலேயே சிகிச்சைக்கு உரியது, அதைக் குறைக்க நம் நாட்டிலேயே நிரூபிக்கப்பட்ட வழி இருக்கிறது. சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் மோகனின் குழுவும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய சோதனை 2020-இல் வெளியானது. இந்தியாவின் நான்கு மருத்துவமனைகளில், கட்டுப்படாத சர்க்கரையோடு மனச்சோர்வும் உள்ள 404 பேர். மனநல மருத்துவர் அல்லாத ஓர் ஒருங்கிணைப்பாளர் அவர்களில் பாதிப்பேரைத் தொடர்ந்து விசாரித்து, ஊக்கம் கொடுத்து, தேவைப்பட்டால் மருந்தை மாற்றும்படி மருத்துவருக்குச் சொல்வார். இரண்டாண்டில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது சீரானவர்கள் அந்தக் கவனிப்புப் பெற்றவர்களில் ஏறக்குறைய 72 சதவீதம், மற்றவர்களில் 57. இது பாதப் புண்ணில் நடந்த சோதனை இல்லை. ஆனாலும் லண்டனைவிட நமக்குப் பக்கத்தில் உள்ள சான்று.

இந்த வட்டாரத்தில் 'மனநல மருத்துவரைப் பாருங்கள்' என்று சீட்டெழுதி அனுப்பினால் ஏன் போகமாட்டார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. உத்தரகோசமங்கையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஏர்வாடி. மனநோயாளிகளைத் தர்காவுக்குக் கொண்டுவந்து விடும் பழக்கத்தைச் சுற்றி அங்கே தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து தலையிட்டது, காப்பகங்கள் மூடப்பட்டன, பிரார்த்தனையோடு மருந்தும் என்ற முறையில் அரசு மனநல சிகிச்சை பின்னாளில் தர்காவை ஒட்டியே வந்தது. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் 'மனசுக்கு வைத்தியம்' என்ற சொல்லோடு ஏர்வாடியும் சங்கிலியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். பாதத்தில் புண் உள்ள அறுபது வயதுக்காரர் தன்னை அந்த வரிசையில் நிற்கவைக்க ஏன் சம்மதிப்பார்? சாமியும் சொந்தபந்தமும் இருக்கும் ஊரில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள், புண் முதலில் பறிப்பது அந்த இரண்டையும்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அதனால் இந்த வேலை கட்டு மாற்றும் அறையிலேயே நடக்க வேண்டும். கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா, மனசு இறங்கிப்போய் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கொண்ட உலகறிந்த சோதனை ஒன்று உண்டு. செவிலியர் பஞ்சை எடுப்பதற்குள் கேட்டுவிடலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர் நிலைப்படியில் நின்றே கேட்கலாம். 2022-இல் திறந்த ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியும் மாவட்ட மனநலத் திட்டமும் அதற்கு மேல் தேவைப்படுவோரைப் பார்க்கலாம். சிக்கல் சிகிச்சையின் உள்ளடக்கத்தில் வரும். மனச்சோர்வுக்கு எளிய, நிரூபிக்கப்பட்ட மருந்து நடமாட்டம்: வெளியே போங்கள், ஆள்களைப் பாருங்கள், பழைய வேலைகளைத் தொடங்குங்கள். பாதப் புண்ணுக்கு இதற்கு நேர் எதிர். ஆகவே உட்கார்ந்து செய்யும் வேலையாகத் தேடிப் பிடிக்க வேண்டும். வலை பின்னுவதும் ஓலைப்பெட்டி முடைவதும் இந்தக் கரையில் கைமறக்காத வேலைகள். வாசல் திண்ணையில் உட்கார்ந்து செய்தால் ஆள்களும் வருவார்கள்.

கடைசி மறுப்பு எல்லாவற்றிலும் வலுவானது: இவருக்குத் தேவை ஆலோசனையில்லை, பணம். மறுக்க முடியாது. ஆறு வாரம் கூலியில்லாத வீட்டில் எந்த ஆறுதல் பேச்சும் எடுபடாது. ஆனால் நோயாளிக்குப் பணம் தருவது நம் அரசுகளுக்குப் புதிதில்லை. காசநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடப்பட்டது, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய்; மருந்தைப் பாதியில் விடாமல் இருக்க அதுவும் ஒரு கை என்ற கணக்கில். மாவுக்கட்டுப் போடும் அன்றே பாதப் புண்காரருக்கும் அப்படி ஒரு படிவம் நிரப்பினால், கட்டு கழற்றப்படாமல் இருக்கும் நாள்கள் கூடுகின்றனவா, அந்த இரண்டு கேள்விகளுக்கான பதில்கள் மாறுகின்றனவா என்பதை ஒரே மாவட்டத்தில் ஓராண்டு பார்த்தால் தெரிந்துவிடும். ராமநாதபுரம் அதற்குப் போதும்.